பிரிட்ஜுக்கு மேலே

பம்பலப்பிட்டியில், திரை வெடித்த மடிக்கணினி,
பதினாலாயிரத்துக்கு.
"ஸ்கிறீன் இல்லாமல் என்ன செய்யப் போறீங்கள் மிஸ்?"
பார்க்கிறதுக்கில்லைத் தம்பி,
வைச்சிருக்கிறதுக்கு.

டொலர் இல்லாத அந்த வருசம்
என் வங்கி அட்டையை மேகம் ஏற்கவில்லை.
மூன்று மின்னஞ்சல்கள், மிக மரியாதையாக:
இன்னும் முப்பது நாள், பிறகு உங்கள் படங்கள்
எங்கள் பொறுப்பில்லை.
காஸ் வரிசையில், வெற்றுச் சிலிண்டரின் மேல் குந்தியிருந்து
பதினொரு வருடங்களை
ஒவ்வொன்றாய் இறக்கினேன்.

இப்போது எல்லாம்
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
பிரிட்ஜுக்கு மேலே.
வயர் அதுவரைக்கும்தான் எட்டியது.
பக்கத்தில் அச்சாறுப் போத்தல், மெழுகுதிரி,
கட்டாத கரண்ட் பில்.
கரையோர ரயில் போகும்போது
அச்சாறும் நடுங்கும், டிஸ்க்கும் நடுங்கும்.
கடற்காற்று துவாரங்களில் பச்சையாய்ப் பூக்கும்;
ஞாயிறுகளில் பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டு
உரஞ்சுகிறேன்.

பெயர் வைத்தேன், தெகிவளை.
வெள்ளவத்தை என்பது முதலில் செத்துப்போன டிஸ்க்.
கல்கிசை, கொட்டாஞ்சேனையில் இருக்கிறது,
ஷிபானாவின் தையல் மெஷினுக்குக் கீழே.
இரவு இரண்டு மணிக்கு
தெகிவளை தன்னிடமுள்ளதையெல்லாம்
கல்கிசைக்குச் சொல்லிவைக்கும்.
ஒன்று மூழ்கினாலும் மற்றது ஞாபகம் வைத்திருக்க.

எல்லாம் இலவசம்.
யாரோ எழுதியது, யாரோ திருத்தியது.
தமிழாக்கியவர் எந்த ஊரோ,
நாங்கள் கோவை என்பதை அவர் கோப்பு என்கிறார்.
முதல் மாதம் எரிச்சலாக இருந்தது.
ஆனால் ஒன்றை நீக்கப் போனால்
"உண்மையாகவே அழிக்கவா?" என்று கேட்கவைத்திருக்கிறார்.
"அழிக்கவா" மட்டும் போதுமே.
அந்த "உண்மையாகவே"க்காக
சம்பளமில்லாத ஓர் இரவில்
அவர் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்க வேண்டும்.

பதிவேடு என்று ஒன்றிருக்கிறது.
யார், எப்போது, எதைத் திறந்தார்கள்.
இயந்திரம் எழுதிக்கொண்டே போகும்,
நான் பார்ப்பதில்லை.
போன மாசி, வேகம் குறைகிறதே என்று பார்த்தேன்.

காலை ஆறு பத்து. படம் 1187.
மறுநாள், ஆறு பன்னிரண்டு. 1187.
பத்தொன்பது நாட்கள்.
ஒஸ்லோவில் அப்போது இரவு ஒன்று நாற்பது.

காலிமுகத்திடல், காற்றுக்குக் கலைந்த முடி,
கையில் இறால் வடைக் காகிதம்.
ஓரத்தில் ஒரு நீலச் சேட்டின் தோள்.
மிச்சத்தை சாம்பவி வெட்டியிருந்தாள்.
வெட்டாத பிரதியும் என்னிடம்தான் இருக்கிறது.
அதை அவள் திறக்கவில்லை.

ஞாயிறு அழைப்பில்
"நல்லா நித்திரை வருது அக்கா" என்றாள்.
ஓம் என்றேன்.
என் குரல் எனக்கே
அந்த மின்னஞ்சல்களைப் போலக் கேட்டது,
மிக மரியாதையாக.

பெரிய கம்பனிக்காரன் எட்டிப் பார்க்கிறான் என்று
ஒரு குடும்பத்தையே குடிபெயர்த்த வாய் இது.
சாவி என் கைக்கு வந்தது,
கதவுத் துவாரமும் கூடவே வந்தது.

அன்றிரவு அமைப்புக் கோவையில்
ஒரு வரி மாற்றினேன்.
பழைய பதிவுகளைத் தெரிவு செய்தேன்.
முகம் தெரியாத அந்த ஆள் கேட்டார்,
உண்மையாகவே?

ஓம்.

வேகம் ஏன் குறைகிறதென்று இன்னும் தெரியாது.
விசிறியாக இருக்கலாம், பூனை மயிர்.
மின்வெட்டில் பற்றரி நாற்பது நிமிடம் தாங்கும்,
முன்பு ஐம்பது.

காலையில் தேநீருக்குப் பால் எடுக்கப் போனால்
தலைக்கு மேலே பச்சை விளக்கு
படபடவென்று துடிக்கிறது.
யாரோ எதையோ திறக்கிறார்கள்.
மணி பார்க்காமல்
பிரிட்ஜைச் சாத்துகிறேன்,
மெதுவாக,
டிஸ்க் அதிராதபடி.